வாக்களித்து வெறுமையான தீவைப் பற்றி மகளுக்கு

புங்குடுதீவு,
ஐப்பசி.

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்கக் கண்ணகை அம்மன் துணை.

அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததைத் தம்பி சொல்லியிருப்பான். இங்கே மழை தொடங்கிவிட்டது. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். சித்திரையில் நீ எழுதிய நீண்ட கடிதத்துக்கு, கனடாவில் நீ இருக்கும் நியூபவுண்ட்லாந்தை ஒட்டிய லிட்டில் பே ஐலண்ட்ஸ் என்னும் தீவைக் காலி செய்த கதையைச் சொன்ன அந்தக் கடிதத்துக்கு, நான் இன்னும் ஒழுங்கான மறுமொழி எழுதவில்லை. அதன் பிறகு உன்னிடமிருந்து வந்தவை எல்லாம் கைத்தொலைபேசியில் ஒற்றை வரிகள்தாம். நீ வைத்தியம் பார்க்கும் அந்தப் பகுதிக்கே வைத்தியர்கள் எவ்வளவு குறைவு என்பதை நீ சொல்லி நான் அறிவேன். உன் வேலையின் பாரம் தெரியாமல் எழுதுவதாக எண்ணாதே. ஆனாலும், ஆளில்லாத தீவைப் பற்றி அத்தனை பக்கம் எழுத நேரம் கண்ட பிள்ளை, ஆட்கள் இருக்கும் தீவுக்கு ஒரு பக்கம் எழுதலாமே என்று அம்மா சொல்கிறாள். நான் சொல்லவில்லை.

அந்தக் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் ஒன்றைத்தான் கேட்டாள்: "அப்ப அந்தக் கோயிலுக்கு இனி ஆர் விளக்கு வைக்கிறது?" அது மாதா கோயிலா, புரட்டஸ்தாந்துக் கோயிலா என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. எனக்கோ மனத்தில் தைத்தது அந்த வாக்கெடுப்பு. ஊரை மூடுவதற்கு நிரந்தரமாக வசிப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சம்மதிக்க வேண்டும் என்பது அப்போது அந்த மாகாண அரசின் விதி. முதல் வாக்கெடுப்பில் 89 சதவீதத்தைத் தாண்டியும் 90-ஐத் தொடவில்லை. அந்த அரைகுறைக்குக் காரணமானவர்கள், போக விரும்பிய அயலவரோடு அதே சிறிய தீவில் இன்னும் சில குளிர்காலங்கள் எப்படி முகம் பார்த்து வாழ்ந்திருப்பார்கள் என்று நீ எழுதவில்லை; எழுதியிருக்கலாம். பிறகு 2019-இல் எல்லோரும் ஒருமுகமாகச் சம்மதித்தார்கள், அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் மின்சாரத்தையும் படகுச் சேவையையும் நிறுத்தினார்கள், வீட்டுக்கு இரண்டரை இலட்சம் டொலருக்குக் குறையாமல் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். எவரையும் எவரும் துரத்தவில்லை. படகு ஓட்ட ஆகும் செலவு, மின்பிறப்பாக்கிக்கு ஆகும் டீசல், தெருவில் பனி வழிக்கும் கூலி எல்லாவற்றையும் கூட்டி, அங்கே இருப்பவர்களின் தொகையால் வகுத்துப் பார்த்து, வந்த விடையை அவர்களிடமே நீட்டி "நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொன்னார்கள். அந்தக் கணக்கு எங்களுக்கும் பழக்கமானது. பாடசாலையில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால், சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம் யாழ்ப்பாணத்தில் வீடு பார்க்கும். பிறகு பேருந்துக்கு ஆள் இல்லை என்பார்கள். இதில் எது முந்தியது என்று நான் படிப்பித்த காலத்திலும் எவராலும் சொல்ல முடிந்ததில்லை.

உன் கடிதத்துக்குப் பிறகு நான் தேடி வாசித்தேன். நீ இருக்கும் நாட்டைப் பற்றி உன்னைவிட எனக்குக் கூடத் தெரிந்துவிட்டது என்று தம்பி பகிடி பண்ணுகிறான். நியூபவுண்ட்லாந்து 1949-இல் கனடாவோடு சேர்ந்தது. 1954 முதல் 1975 வரை ஏறக்குறைய 300 மீனவர் ஊர்களைக் காலி செய்து, 30,000 பேரளவில் வேறிடங்களில் குடியேற்றினார்கள். தொடக்கத்தில் ஊரில் ஒருவர் மறுத்தாலும் அந்த ஊரை எடுக்க முடியாது என்று நூற்றுக்கு நூறு சம்மதம் கேட்டார்கள். 1965-க்குப் பிறகு அது தொண்ணூறாகி, பின் எண்பதாகவும் இறங்கியது. மறுக்கும் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார் என்பதை அரசு கண்டுகொண்டது போலும். போனவர்களில் பலர் வீட்டை விட்டுப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய புதினம்: பலகை வீட்டை அடியோடு பெயர்த்து, மரக்குற்றிகள்மேல் உருட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, வெற்றுப் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, படகுகளால் இழுத்துப் புதிய ஊரில் ஏற்றினார்கள். அந்தப் படங்களை அம்மாவுக்குக் காட்டியபோது அவள் நெடுநேரம் பேசவில்லை. 1991-இல் நாம் கடல் தாண்டியபோது என்ன கொண்டுபோனோம் என்பது உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ சிறியவள், அந்தத் தையல் பெட்டியை நீதான் தூக்கிவந்தாய். திரும்பி வந்தபோது வீட்டின் ஓடும் இல்லை, கதவும் நிலையும் இல்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை. நம்முடைய வீடும் கடல் தாண்டித்தான் போயிருக்கிறது, துண்டு துண்டாக, எவருடைய கூரைக்கோ.

ஆனால் ஊர் வெறுமையானதற்கு எல்லாப் பழியையும் சண்டைமேல் போடுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து மேடையில் பேசுபவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். அது அவர்களுக்கு வசதியானது. சண்டைக்கு வெகு முன்பே இந்தத் தீவு ஆண்களைக் கொழும்புக்கும் காலிக்கும் கடை வைக்க அனுப்பிவிட்டிருந்தது. கிணற்று நீர் உவர்த்தது, மழையை நம்பிய நெல் ஏமாற்றியது, ஆகவே வணிகம் செய்யப் போனார்கள். 1983-இல் அங்கே கடைகள் எரிந்தபின் திரும்பி வந்தவர்களும் இங்கே வேர்பிடிக்கவில்லை, அடுத்த விமானத்தைத்தான் பார்த்தார்கள். உன் மாமாவின் கதை உனக்குத் தெரியும். நம் தீவை வேலணையோடு இணைக்கும் வாணர் பாலம் வந்தபோது இனி ஊர் செழிக்கும் என்றே எல்லோரும் நம்பினார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். பாலம் வந்தது, பேருந்து வந்தது, காலையில் அந்தப் பேருந்தில் ஏறிய பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பழகினார்கள். நீ இருக்கும் தீவின் குறுக்கே பெருந்தெருவைப் போட்டு முடித்த 1965-ஆம் ஆண்டும் அங்கே அப்படித்தான் கொண்டாடியிருக்கிறார்கள். அதே ஆண்டுதான் ஊர்களைக் காலி செய்யும் திட்டத்தில் மத்திய அரசும் சேர்ந்துகொண்டது. தெருவை வெறுத்து இதைச் சொல்லவில்லை. உன்னை வேலணைக்கும், பிறகு யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோய் வைத்தியராக்கியது அந்தப் பாலந்தான். அதில் எனக்குள்ள பெருமையை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். இறுப்பிட்டியில் உன்னைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. என்ன மறுமொழி சொல்வது என்பதுதான் அண்மையில் கடினமாகிவிட்டது.

தெரு என்றதும் நினைவு வருகிறது: பொழுதுபட்ட பிறகு வாகனம் ஓட்டாதே. அந்த மூஸ் என்னும் மிருகம் அந்தத் தீவுக்கு உரியதே இல்லையாம். 1904-இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நான்கிலிருந்து பெருகியவை என்று வாசித்தேன். இங்கே பாலத்தில் படுத்துக்கிடக்கும் கட்டாக்காலி மாடுகளுக்கே பேருந்துச் சாரதி பயப்படுகிறார். அந்த மூஸோ குதிரையைவிட உயரமாம். கூட ஒருவர் இருந்தால் பார்த்துச் சொல்வார். தனியே ஓட்டாதே.

கடலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது, ஏனெனில் இரண்டு தீவுக்கும் நடந்தது ஏறத்தாழ ஒன்றே. அவர்கள் கொட் மீனைப் பிளந்து உப்பிட்டுப் பலகைப் பரண்களில் காயவைத்தார்கள்; நாம் கருவாட்டைக் கடற்கரை மணலிலும் ஓலைப் பாயிலும் காயவைத்தோம். வெயில் போதாத நாட்டில் கருவாடு போட்டவர்களின் பொறுமையை எண்ணி வியக்கிறேன். அங்கும் மீனவர் கையில் காசு புழங்கவில்லை. வணிகர் வலையும் மாவும் கடனுக்குக் கொடுத்து, பருவ முடிவில் மீனாக எடுத்துக்கொண்டார். படகும் வலையும் வைத்திருக்கும் நம் சம்மாட்டிமாரின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பிறகு அந்நியத் தொழிற்சாலைக் கப்பல்கள் வந்து கடலடியை வாரின. 1968-இல் மட்டும் 8,00,000 தொன்னுக்கு மேல் பிடிபட்டது. 1977-இல் கனடா 200 கடல்மைல் எல்லை போட்டது, ஆனால் வெளியார் போன இடத்தில் சொந்த நாட்டின் இழுவைக் கப்பல்கள் அதே வேலையைத் தொடர்ந்தன. 1992 ஜூலை 2-இல் அமைச்சர் ஜோன் க்ரொஸ்பி மீன்பிடியை நிறுத்தினார். அதற்கு முதல்நாள் தன்னைச் சூழ்ந்துகொண்ட மீனவரிடம், கடலிலிருந்து மீனை எடுத்தது நானல்ல என்று சினந்தாராம். இரண்டு ஆண்டுகளுக்கு என்று சொன்ன தடை 2024 வரை நீண்டது; 30,000 பேருக்கு மேல் ஒரே நாளில் தொழில் இழந்தார்கள். 1992-இல் 5,80,000 அளவில் இருந்த மாகாண மக்கள்தொகை, பதினைந்து ஆண்டுகளுக்குள் 5,10,000 அளவுக்கு இறங்கியது. இளையவர்கள் அல்பேர்ட்டாவுக்கு எண்ணெய் வயலுக்குப் போனார்கள்.

இங்கே சண்டைக் காலத்தில் நம்மவரைக் கடலில் இறங்க விடவில்லை. அந்த இடைவெளியில் அக்கரையான தமிழ்நாட்டிலிருந்து இழுவைப் படகுகள் வந்து பழகிவிட்டன. 2017-இல் இழுவை மடியை இலங்கை சட்டத்தால் தடை செய்த பிறகும் இரவில் அவற்றின் வெளிச்சம் தெரியாமல் இல்லை. வலை அறுந்த நம் மீனவரும் தமிழர், அறுத்துப் போகும் படகில் கூலிக்கு நிற்பவரும் தமிழர் என்பதால் இதை உரக்கப் பேச எவருக்கும் விருப்பமில்லை. நியூபவுண்ட்லாந்துக்காரருக்கு அந்தச் சங்கடமாவது முதலில் இருக்கவில்லை. ஸ்பானியனையும் ரஷ்யனையும் தாராளமாகத் திட்டினார்கள். தங்களுடைய கப்பல்களைத் திட்ட வேண்டிய முறை வந்தபோது அவர்களும் தயங்கித்தான் இருக்கிறார்கள்.

அந்த நியூபவுண்ட்லாந்துக் கடலில் 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அகதிகளாக மிதந்த நம்மவர் 155 பேரைத் தூக்கியெடுத்தவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். நீ அங்கே வேலை கிடைத்துப் போகிறாய் என்று அறிந்த அன்று நான் முதலில் நினைத்தது அந்த மனிதரைத்தான். ஆறே ஆண்டுகளில் அந்தக் கரையின் மீனவரே கதியற்றுப் போனார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நம்மவரோ அங்கே தங்கவில்லை, மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். காப்பாற்றிய ஊர்களின் பிள்ளைகளும் பின்னர் மேற்கே போனார்கள். இப்போது அந்த ஊர்களில் முதியவர்களின் நாடி பார்க்கப் புங்குடுதீவிலிருந்து ஒருத்தி போயிருக்கிறாள். உன் அம்மாவின் நாடியைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, ஒரு வைத்தியர் இரண்டு தீவில் இருக்க முடியாது.

போகாமல் நின்ற ஊரைப் பற்றியும் நீ எழுதியிருந்தாய், ஆனால் இரண்டு வரியில் முடித்துவிட்டாய். எனக்கு அந்த போகோ தீவுதான் உன் கடிதத்திலேயே முக்கியமானது. 1967-இல் அங்கும் போய்விடுங்கள் என்ற நெருக்குதல் இருந்தது. தேசியத் திரைப்படச் சபையின் கொலின் லோ படக்கருவியோடு வந்து, ஊரவர் பேசியதைப் படமெடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டினார். வெவ்வேறு கோயில், வெவ்வேறு துறை என்று பேச்சுவார்த்தை அறுந்திருந்தவர்கள் அயலூரின் குறையும் தங்கள் குறையும் ஒன்றென்று திரையில் கண்டார்கள். கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பெரிய படகுகளைத் தாங்களே கட்டினார்கள். பிற்காலத்தில் அங்கே பிறந்து வெளியே பொருளீட்டிய சீற்றா கொப் திரும்பி வந்து, 2013-இல் ஒரு விடுதி திறந்தார். அதன் இலாபம் ஊருக்கே போகிறது. இதை வாசித்தபின் நம் ஊரின் புதிய கோபுரங்களைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கிறது என்று சொன்னால் பெருங்காட்டுப் பெரியவர்கள் என்னை நாத்திகன் என்பார்கள். சுவிஸிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வரும் பணத்தில் கோபுரம் எழுகிறது, வளைவு எழுகிறது, அன்னதான மண்டபம் எழுகிறது. திருவிழாவில் ஊர் பத்து நாள் நிறைந்து வழிகிறது. பதினோராம் நாள் காலையில் குடிநீர்ப் பவுசருக்குக் காத்திருப்பவர்கள் பழைய அதே முகங்கள். கூட்டுறவுக்குப் பணம் கேட்டால், கணக்குக் காட்டுவது யார் என்று கேட்கிறார்கள். அம்மனிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை.

அண்ணன் இதற்கெல்லாம் இத்தாலியை உதாரணம் காட்டுகிறான். சிசிலியில் சம்புக்கா என்ற ஊரில் 2019-இல் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோவிலிருந்து ஏலம் விட்டார்களாம். வாங்கியவர் மூன்று ஆண்டுக்குள் திருத்த வேண்டும், அதற்கு 5,000 யூரோ பிணைப் பணம் கட்ட வேண்டும். வெறும் வீட்டை வைத்து என்ன செய்வது, விற்றால் யாராவது புழங்குவார்கள் என்பது அவன் வாதம். அந்த ஊராட்சி வாங்குபவனுக்கு நிபந்தனை போட்டது என்பதை அவன் விழுங்கிவிடுகிறான். இங்கே நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகருக்கு விடுதி கட்டவென்று கேட்பவர் எந்த நிபந்தனையையும் ஏற்கப்போவதில்லை. கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு என்பதால்தான் நம் வளவைக் கேட்கிறார்.

இவ்வளவு எழுதியபின் அந்தப் பத்திரத்தைப் பற்றி எழுதாமல் விடுவது சரியாகாது. வைகாசியில் அண்ணன் உனக்கு அனுப்பிய, உனக்குப் பதிலாக வீட்டை விற்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவப் படிவம் உன் கையில் இருக்கிறது. வீடு உன் சீதனம். உறுதிப் பத்திரம் உன் பெயரில். எங்களைக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் வைத்துப் பார்ப்பதாக அண்ணனும் தம்பியும் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். பிழையான எண்ணம் அவர்களுக்கு இல்லை, லிட்டில் பே ஐலண்ட்ஸை மூடிய அரசுக்கும் இருக்கவில்லை. மிச்சமிருக்கும் வாக்கு உன்னுடையது என்று அவர்கள் நினைக்கிறார்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு சொல்வது வேறு. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி மணமான பெண் காணியை விற்பதற்குக் கணவரின் சம்மதமும் வேண்டுமாம், ஆகவே மருமகனும் ஒப்பமிட வேண்டும். படிவம் இத்தனை மாதம் தாமதிப்பதற்கு அண்ணன் உன் மறதியைக் காரணம் சொல்கிறான். நீ மறப்பவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். தொலைபேசியில் நீ முன்பெல்லாம் "நாங்கள்" என்று பேசுவாய். நான் தமிழ் படிப்பித்தவன், அதனால் என் காதில் விழுந்திருக்கும், வேறொன்றுமில்லை. "அவளைக் கேட்டு வருத்தாதையுங்கோ" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆகவே நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒப்பம் வாங்குவது எந்தக் காரணத்தால் கடினமாக இருந்தாலும், அந்தப் படிவத்தை அப்படியே மேசை இழுப்பறையில் போட்டுவிடு. எங்களுக்கு இங்கே அவசரம் இல்லை. தொண்ணூறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்ததால் அந்தத் தீவு மேலும் சில ஆண்டுகள் விளக்கெரித்தது. அந்த ஆண்டுகளில் எவரும் செத்துப்போனதாக நீ எழுதவில்லை. இங்கே மேற்குப் பக்க அறைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது, கட்டில் இருக்கிறது, தண்ணீர் நன்றாக இருக்கிறது. வேலணை வைத்தியசாலைக்கும் ஆள் தேவை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை ஒரு செய்தியாகத்தான் எழுதுகிறேன். ஓராண்டுக்கு மட்டும் வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். ஊர் பேசும், ஊரில் பேசுவதற்கு இப்போது அதிகம் பேர் இல்லை என்பது ஒரு வசதி.

நொத்தாரிசு கேட்கும்போதெல்லாம் தபால் இன்னும் வரவில்லை என்றே சொல்லிவருகிறேன். அண்ணன் கேட்டாலும் நீ அதையே சொல், இருவர் சொல்லும் ஒன்றாக இருக்கட்டும். படிகளில் பனி உறைந்திருந்தால் உப்புத் தூவாமல் இறங்காதே. பொழுதுபட்ட பிறகு வாகனம் ஓட்டாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா ஒடியல் மா இடித்து வைத்திருக்கிறாள். எத்தனை பேருக்கு என்று எழுதினால் அதற்கேற்பப் பொதி கட்டுவாளாம்.